அல்லாஹ் தூரமாகத் தோன்றிய நாட்களில் குணங்குடியார்

உம்மா மௌத்தாகி மூன்று மாதம் கழிந்தும் என் தொழுகையில் உயிர் வரவில்லை. மாவனல்லையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிவாசல். சுபஹ் அதான் கேட்டால் எழும்புவேன், ஸப்பில் நிற்பேன், ஸஜ்தாவில் விழுவேன். நெஞ்சு மட்டும் வறண்டு கிடந்தது. அல்லாஹ் எங்கோ தூரத்தில் இருப்பது போலத் தோன்றியது. இதை ஒருவரிடம் சொல்லவும் வெட்கம். துணிந்து சொன்ன ஒரே இடத்தில், ஈமான் குறைந்துவிட்டது என்ற ஏச்சுத்தான் கிடைத்தது.

உம்மாவின் பெட்டியை ஒதுக்கிய நாளில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் கைக்கு வந்தது. குணங்குடி மஸ்தான் சாஹிபின் பாடல்கள். மஃரிபுக்குப் பிறகு உம்மா முணுமுணுத்துக்கொண்டிருந்தது இதைத்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

அவருடைய இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். 1792இல் இராமநாதபுரம் சீமையில், தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்தார். கீழக்கரையில் தைக்கா சாஹிபு எனப்படும் ஷெய்கு அப்துல் காதிர் லெப்பை ஆலிமிடம் மார்க்கக் கல்வி கற்றார். மாமன் மகளை மணமுடித்து வைக்க வீட்டார் விரும்பினார்கள். அவரோ இளவயதிலேயே உலக வாழ்வைத் துறந்து வெளியேறினார். காதிரிய்யா தரீக்காவில் இணைந்தார். திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் 40 நாட்கள் தனித்திருந்தார் என்று அவரது வரலாறு சொல்கிறது. காடு மலைகளில் அலைந்து, கடைசியில் சென்னை இராயபுரத்தில், முட்புதர் மண்டிய ஓரிடத்தில் தங்கினார். தன்னை மறந்த நிலையில் திரிந்தவரை மக்கள் மஸ்தான் என்று அழைத்தார்கள். தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் அவரைத் தொண்டியார் என்றார்கள். தண்டையார்பேட்டை என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்களும் அவரிடம் சீடர்களாக இருந்தனர். தமிழ்ப் புலவர் சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். 1838இல், ஐம்பது வயதை எட்டுமுன்பே வபாத்தானார்.

இவ்வளவையும் துறந்தவருக்கு இறை நெருக்கம் எளிதாகக் கிடைத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். பராபரக்கண்ணியையும் ரகுமான் கண்ணியையும் வாசித்தபோது திகைத்துப் போனேன். அங்கே ஒரு மனிதர் ஏங்குகிறார், கெஞ்சுகிறார், தன் மனதின் அலைச்சலை எண்ணி அழுகிறார். எனக்கு வந்த வறட்சி அவருக்கும் வந்திருக்கிறது. அவர் அதை மறைக்கவில்லை. முறைப்பாட்டை அல்லாஹ்விடமே கொண்டுபோனார். இல்லாத ஒருவரிடம் யாரும் முறையிடுவதில்லை. தூரமாகிவிட்டாயே என்று அழுகிறவன், அவன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அழுகிறான்.

அவருடைய பாடல்களில் சிலருக்கு உடன்பாடில்லை என்பதை அறிவேன். மெய்ப்பொருளை மனோன்மணி என்ற காதலியாக்கிப் பாடியது பலருக்கு நெருடல். அந்தத் தயக்கம் நியாயமானதே. அவை அகீதா நூல்கள் அல்ல. குர்ஆனின் இடத்தில் வைக்கத்தக்கவையும் அல்ல. ஆனால் கவிதையை முழுதாக ஒதுக்கிவிடவும் முடியாது. ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரழி) கவிதை பாட, நபி (ஸல்) அவர்கள் தமது பள்ளிவாசலிலேயே மிம்பர் வைத்துக் கொடுத்தார்கள். வஹீ சிறிது காலம் நின்றபோது அந்த நபியின் உள்ளமே வருந்தியது. அதற்கு ஆறுதலாகத்தான் ஸூரா ளுஹா இறங்கியது. அப்படியிருக்க, நம்மில் ஒருவர் நெஞ்சு வறண்டுவிட்டது என்று சொன்னால் உடனே ஏசுவது எந்த வகையில் சரி?

என் வறட்சி ஒரே இரவில் தீரவில்லை. ஆனால் அன்று ஸஜ்தாவில், பல மாதங்களுக்குப் பிறகு, என் சொந்தத் தமிழில் அல்லாஹ்விடம் முறையிட்டேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

உங்கள் வீட்டிலும் உம்மம்மாவின் பெட்டியில் இப்படி ஒரு புத்தகம் கிடக்கலாம். பழைய கடதாசிக்காரனுக்கு நிறுத்துக் கொடுக்குமுன், ஒருமுறை திறந்து பாருங்கள்.