பந்தாட்ட வீரர் பல்வங்கர் பாலு

விளையாட்டு உடலுக்கு உரந்தருவதோடு உள்ளத்திற்கு நடுவுநிலையும் தருமென்று பலரும் கூறக் கேட்டிருக்கிறோம். அவ்வுரை எத்துணை மெய்யென்று ஆராய விழைவார்க்குக் கிரிக்கெட் வீரர் பல்வங்கர் பாலுவின் வரலாறு பெரிதும் பயன்படும்.

பாலு 1876-ஆம் ஆண்டில் தார்வாரிற் பிறந்தார். தோல்வேலை செய்யும் குலத்தினராதலின், தீண்டத்தகாதவரென்று ஒதுக்கப்பெற்றார். தந்தையார் படையில் ஊழியஞ் செய்தவர். இளமையிலேயே பிழைப்பு நாடிய பாலு, பூனாவிற் பார்சியரின் கிரிக்கெட் சங்கமொன்றில் மாதம் 3 ரூபாய் சம்பளத்திற்கு அமர்ந்தார். பின்னர் ஐரோப்பியரின் பூனா சங்கத்திற் சேர்ந்து, ஆடுகளத்தை உருளையிட்டுச் சமன்செய்தும், பயில்வோர்க்குப் பந்தெறிந்தும் வந்தார். கிரெய்க் என்னும் ஆங்கில வீரர் அவருடைய பந்துகளை எதிர்த்தாடியே நெடுநேரம் பயின்றார். இடக்கையால் அவரெறிந்த பந்து, தரையிற் பட்டதும் எதிர்பாராத பக்கந் திரும்பும். ஆயினும் அச்சங்கத்தில் மட்டை பிடிக்கும் வாய்ப்பை அவர்க்கு எவரும் நல்கிலர்.

அவர்தம் திறமையைக் கேள்வியுற்ற பூனா இந்துக்கள், ஐரோப்பியரை வெல்லக் கருதி, பெருவாதத்திற்குப்பின் அவரைத் தம் அணியிற் சேர்த்தனர். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாருந் தொட்டனர். தேநீர் வேளையிலோ, மற்றையோர் மண்டபத்தினுள் பீங்கான் கோப்பையிற் பருக, பாலுவிற்கு வெளியே மண்கலத்திற் கொடுக்கப்பட்டதென்பர். பந்தும் தோலாற் செய்யப்பட்டதே என்பதை ஒருவரும் நினைத்திலர் போலும்!

பின்னர்ப் பம்பாய் சென்ற பாலுவின் புகழ் வளர்ந்தது. 1906-ஆம் ஆண்டில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றனர். அவ்வெற்றியில் அவர்க்குப் பெரும்பங்குண்டு. 1911-இல் பாட்டியாலா மன்னர் தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பெரும்பாலும் தோல்வியே கண்டது. ஆயினும் பாலு ஒருவரே 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவர் மீண்டபொழுது ஒடுக்கப்பட்ட மக்கள் பம்பாயிற் பாராட்டு விழா எடுத்தனர். இளைஞரான அம்பேத்கரும் அதிற் பங்குகொண்டார்.

இத்துணைச் சிறப்பிருந்தும், இந்து அணியின் தலைவராக அவர் ஒருகாலும் நியமிக்கப்பட்டிலர். பந்தெறியக் கை வேண்டியிருந்தது. அக்கையின் ஏவலுக்கு அடங்கி நிற்கப் பிறர் மனம் ஒருப்படவில்லை. 1923-இல் அவர் தம்பி விட்டல் அப்பதவியைப் பெற்றார். தமையனார்க்கு மறுக்கப்பட்டது தம்பிக்குக் கிட்டியது. பிற்காலத்தில் அரசியலிற் புகுந்த பாலு, 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோல்வியுற்றார், 1955-இல் மறைந்தார்.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? ஆட்டத்தின் விதி குலம் வினவுவதில்லை. வீழ்ந்த விக்கெட் யார் எறியினும் வீழ்ந்ததே. ஆயினும் அவ்விதி எல்லைக்கோட்டோடு நின்றுவிடுகிறது. அதனைக் கோட்டிற்கு அப்பாற் கொண்டுசெல்வது ஆடுவோர் கடமை. பாலுவோடு ஆடியவருட் பலர் அதனைச் செய்யாது வெற்றியை மட்டும் வீட்டிற்கு எடுத்துச் சென்றனர். நம் சமயத்தாரிடை இக்குறை இல்லையென்று நாமும் மார்தட்டுவதற்கில்லை. ஆதலின், தோழர்களே, மாலையில் ஆடுகளம் விட்டு விடுதிக்குத் திரும்புங்கால், களத்திற் கைகுலுக்கிய அந்த நண்பனை உணவு மேசையில் எங்கு அமர்த்துகிறோமென்று நம்மை நாமே வினவிக்கொள்வோமாக.