அக்ரகாரம் எதிர்த்தும் அசராத சேர்மன்! நகராட்சியில் தொடங்கிய ராஜாஜி

தென்காசி:
குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி.யின் விருந்தாளியாக வந்து தங்கியவர் ராஜாஜி. கவர்னர் ஜெனரல், முதல்வர் என பெரிய பதவிகளைப் பார்த்த அவர், நிர்வாகம் கத்துக்கிட்டது என்னவோ நகராட்சியில்தான்.

1878-ல் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்தார். 1911-ல் நகராட்சி உறுப்பினரானார். 1917-ல் சேர்மன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் வந்தது சோதனை. குடிநீர்க் குழாயைத் திறந்து மூடும் வேலைக்குத் தாழ்த்தப்பட்ட சமூகத் தொழிலாளி ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் அக்ரகாரத்துக்குள்ளும் வரணுமே! தெருவாசிகள் கொதித்துப் போனார்கள். சொந்த சாதிக்காரர்களே எதிர்த்தும் சேர்மன் மசியவில்லை. சேலம் நகராட்சிக்குத் தாழ்த்தப்பட்ட சமூகத்தில் இருந்து முதல் உறுப்பினர் வந்ததும் இவர் காலத்தில்தான்.

அதே காலகட்டத்தில் ஈரோடு நகராட்சி சேர்மனாக இருந்தவர் பெரியார். கொள்கையில் எதிரும் புதிருமாக நின்றாலும் இருவரின் நட்பு கடைசிவரை நீடித்தது.

1919-ல் ராஜாஜி சென்னைக்குக் குடிபெயர்ந்தார். 1937-ல் சென்னை மாகாண பிரதமரானார். 1939-ல் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது அவரது அரசு. 1972 டிசம்பர் 25-ல் காலமானார்.

இன்று தென்காசி போன்ற நகராட்சிகளில் கவுன்சிலர்களே தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நியமனக் குழு, ஒப்பந்தக் குழு, வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு என்று வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். பெரும்பான்மை கை தூக்கினால் தீர்மானம் பாஸ். ஆனால் எதிர்ப்பு வந்தால் பின்வாங்காமல் அதை நடத்திக் காட்டுவதில்தான் சேர்மனின் பெயர் நிற்கும் என்பது குறிப்பிடத்தக்கது.