கூடி ஓதக் கற்பித்த ஆசாரியர்: ஸ்ரீமந் நாதமுனிகள் வைபவம்

உற்சவ காலத்தில் எம்பெருமான் திருவீதிக்கு எழுந்தருளும்போது திவ்யப் பிரபந்த கோஷ்டி முன்னே செல்லும். வேத பாராயண கோஷ்டி பின்னே வரும். தமிழின் பின்னே பெருமாள் செல்கிறான், பெருமாளின் பின்னே வேதம் வருகிறது என்று பெரியோர் இதற்குப் பொருள் கூறுவர். வெயிலிலும் நெரிசலிலும் நெடுநேரம் நின்று களைத்த அடியவர்கள், அந்தக் கோஷ்டியின் ஓசை செவியில் விழுந்த மாத்திரத்தில் களைப்பை மறந்து கைகூப்புவது கண்கூடு. பாசுரத்தின் பொருள் முழுவதும் அறியாதவர் நெஞ்சும் அவ்வேளையில் அமைதியுறுகிறது. வீட்டிலிருந்து சுமந்து வந்த கவலை சற்று நேரம் இறக்கி வைக்கப்படுகிறது.

இத்தகைய பெருநிதி ஒரு காலத்தில் நாட்டில் வழக்கொழிந்து மறைந்து கிடந்தது. அதனைத் தேடிப் பெற்று, பண் அமைத்து, பலர் கூடி ஓதும்படி வகுத்துத் தந்தவர் ஸ்ரீமந் நாதமுனிகள் ஆவார்.

திருவவதாரம்

சோழ நாட்டில் வீரநாராயணபுரம் என்னும் ஊரில், ஈசுவரபட்டரின் திருக்குமாரராக, ஆனி மாதத்து அனுஷ நட்சத்திரத்தில் நாதமுனிகள் அவதரித்தார். இன்று கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் என வழங்குவது அவ்வூரே. அவர் காலம் 9, 10 ஆம் நூற்றாண்டுகள் என்பது வரலாற்று ஆய்வாளர் துணிபு. அவ்வூரை அடுத்த பேரேரி, முதற் பராந்தக சோழனுக்குரிய வீரநாராயணன் என்னும் பட்டப்பெயரால் வழங்கி, நாளடைவில் வீராணம் ஏரி ஆயிற்று. அந்த ஏரியின் நீர் 2004 முதல் குழாய் வழியே சென்னை மாநகருக்கு வருகின்றது. நீர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அவ்வூரிலிருந்து தொண்டை நாட்டிற்கு வந்து சேர்ந்துவிட்டது பாட்டு.

நாதமுனிகள் யோகத்தில் தேர்ந்தவர், இசையிலும் வல்லவர். குடும்பத்துடன் வடநாட்டுத் திருப்பதிகளைச் சேவிக்கச் சென்று, யமுனைக் கரையில் கண்ணன் விளையாடிய இடங்களில் நெடுநாள் தங்கியிருந்தார். ஊர் திரும்புமாறு மன்னனார் கனவில் பணிக்கவே மீண்டுவந்து, அப்பெருமானின் கைங்கரியத்தில் ஈடுபட்டார். பிற்காலத்தில் பிறந்த பேரனுக்கு யமுனையின் நினைவாக யாமுனன் என்று பெயர் அமைந்தது. ஆளவந்தார் எனப் புகழ்பெற்றவர் அவரே.

செவியில் விழுந்த பதிகம்

ஒருநாள் மேல்நாட்டிலிருந்து வந்த வைணவர் சிலர் மன்னனார் சந்நிதியில் நின்று, திருக்குடந்தை ஆராவமுதப் பெருமானைப் பற்றிய நம்மாழ்வார் பதிகத்தைச் சேர்ந்து பாடினர். அதைக் கேட்ட நாதமுனிகளின் உள்ளம் உருகிற்று. அப்பதிகம் ஆயிரம் பாசுரங்களுள் ஒரு பகுதி என்பது அதன் இறுதியிலேயே குறிக்கப்பட்டிருந்தது. எஞ்சியவை அறிவார்களோ என்று வினவினார். அந்தப் பதிகமே தாங்கள் அறிந்தது என்று அவர்கள் விடை கூறினர்.

ஒரு பதிகத்தின் இனிமை அவரை ஊரில் இருக்கவொட்டவில்லை. திருக்குடந்தை சென்று சேவித்து, அங்கிருந்து பொருநைக் கரையிலுள்ள திருக்குருகூரை அடைந்தார். மதுரகவியாழ்வாரின் வழிவந்த பராங்குசதாசரை அவ்வூரில் கண்டார். பிரபந்தங்கள் நெடுங்காலமாக வழக்கில் இல்லை என்றும், மதுரகவிகள் அருளிய கண்ணிநுண் சிறுத்தாம்பு ஒன்றே தங்களிடம் நிலைத்திருக்கிறது என்றும், அதனை நம்மாழ்வார் திருமுன்பே பன்னீராயிரம் முறை ஒருமனத்தோடு ஓதினால் ஆழ்வார் அருள் கிட்டும் என்றும் அப்பெரியவர் தெரிவித்தார்.

பதினொரு பாசுரங்கள் கொண்ட அச்சிறு பிரபந்தத்தை நாதமுனிகள் திருப்புளியாழ்வார் அடியில் அமர்ந்து அவ்வாறே ஓதி முடித்தார். யோகநிலையில் ஆழ்வார் காட்சி தந்து, தம்முடைய திருவாய்மொழி முதலியவற்றோடு ஏனைய ஆழ்வார்களின் அருளிச்செயல்களையும் சேர்த்து நாலாயிரமும் உபதேசித்தருளினார் என்று குருபரம்பரை நூல்கள் போற்றுகின்றன.

அந்த நாலாயிரத்தில் தொண்டை நாட்டுப் பங்கும் உண்டு. வெள்ளானூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்து அடியார்களுக்கு அண்மையிலுள்ள திருமழிசையில் அவதரித்த ஆழ்வார், தாம் எழுதிய ஏடுகளைத் திருக்குடந்தையில் காவிரியில் இட்டார் என்றும், இரண்டு மட்டும் வெள்ளத்தை எதிர்த்து மீண்டன என்றும் கூறுவர். 96 பாசுரங்கள் கொண்ட நான்முகன் திருவந்தாதியும், 120 பாசுரங்கள் கொண்ட திருச்சந்தவிருத்தமுமே அவை. ஆற்றிலிருந்து மீண்ட அவ்விரண்டும் நாதமுனிகளின் தொகுப்பில் இடம்பெற்று, என்றும் அழியா நிலை எய்தின.

பலர் நாவில் வைத்த செல்வம்

பெற்ற செல்வத்தை நாதமுனிகள் ஏட்டில் மட்டும் எழுதி வைத்து அமையவில்லை. பிரபந்தங்களை இசைப்பா என்றும் இயற்பா என்றும் பகுத்து, இசைக்குரியவற்றிற்குத் தேவகானத்தில் பண் அமைத்து, தம் சகோதரியின் புதல்வர்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் ஆகிய இருவருக்கும் கற்பித்தார். அவர்கள் வழியாக அரையர் மரபு தழைத்தது.

அவருடைய செவியின் நுண்மையைக் குறித்து ஒரு வரலாறு உண்டு. தேவகானம் பாடவல்ல பெண்ணொருத்தியின் பாட்டைச் சோழ மன்னன் அவையில் மதிக்கவில்லை. அவள் மன்னனார் சந்நிதிக்கு வந்து பாட, நாதமுனிகள் மகிழ்ந்து கேட்டார். இச்செய்தியறிந்த மன்னன் அந்த இசையின் சிறப்பு யாதென்று வினவினான். பல தாளங்களை ஒருசேரத் தட்டுமாறு சொல்லி, அந்தக் கலந்த ஓசையைக் கேட்ட அளவிலேயே ஒவ்வொரு தாளத்தின் எடையையும் நாதமுனிகள் பிரித்துரைத்தாராம். பல ஒலிகள் ஒன்றாகும்போது எந்த ஒலியும் வீணாவதில்லை என்பதை அறிந்த செவி அது. கோஷ்டியில் நடுங்கும் முதியவர் குரலும், அன்று கற்றுவந்த சிறுவன் குரலும் தத்தம் எடையோடு சேர்கின்றன. ஒருவர் மூச்சு வாங்க நிறுத்தினாலும் பாசுரம் நிற்பதில்லை. அருகிலிருப்பவர் குரல் அதைத் தாங்கிச் செல்கிறது. தளர்ந்த உள்ளத்திற்குக் கோஷ்டி தரும் ஆறுதல் இதுவே.

திருவரங்கத்தில் மார்கழித் திங்களில் திருவாய்மொழி கேட்கும் விழாவைத் திருமங்கையாழ்வார் ஏற்படுத்தினார் என்பது மரபு. இடையில் நின்றுபோன அவ்விழாவை நாதமுனிகள் மீண்டும் தொடங்கி, நாலாயிரமும் இடம்பெறுமாறு விரித்தார். பகல்பத்து, இராப்பத்து, இயற்பா என்று இன்றும் நடைபெறும் அத்யயன உற்சவம் அவர் வகுத்த நெறியில் வந்ததே.

மறைந்த யோகமும் நிலைத்த பாட்டும்

நாதமுனிகளிடம் யோகச் செல்வமும் இருந்தது. அதனைக் குருகைக்காவலப்பன் பெற்றார். மற்றொரு சீடரான புண்டரீகாட்சரிடம் எதை விரும்புகிறீர் என்று வினவியபோது, உலகத்தார் உழன்று கிடக்கையில் தனித்து இன்பம் நுகர மனமில்லை என்று கருதி, பிரபந்தத்தையும் அதன் பொருளையும் பரப்பும் பணியையே அவர் வேண்டினார். உலகம் உய்ய வழிகொண்டமையால் உய்யக்கொண்டார் என்னும் திருநாமம் அவருக்கு வாய்த்தது.

பின்னாளில் குருகைக்காவலப்பன் தாம் காத்துவந்த யோகரகசியத்தை ஆளவந்தாருக்கு உபதேசிக்க ஒரு நாள் குறித்திருந்தார். அதற்கு முன்னரே திருவரங்கத்தில் அரையர் திருவனந்தபுரத்துப் பாசுரத்தை இசைக்கக் கேட்ட ஆளவந்தார், அந்த இசையால் ஈர்க்கப்பட்டு அத்திருப்பதிக்குப் புறப்பட்டுவிட்டார். அங்குச் சென்ற பின்னரே, குறித்த நாள் அதுவென்பது அவருக்குத் தெரிந்தது. யோகரகசியம் அத்துடன் மறைந்தது. ஒருவரிடம் மட்டும் தங்கியிருந்தது அவரோடு போயிற்று. பலர் நாவில் வைக்கப்பட்டது ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் நிலைத்திருக்கின்றது. ஆளவந்தாரின் திருக்குமாரரான திருவரங்கப்பெருமாள் அரையரிடமே 1017 இல் அவதரித்த இராமானுசர் பிரபந்தப் பொருள்களைக் கேட்டுணர்ந்தார்.

நாதமுனிகளின் இறுதியும் அன்பின் பெருக்காகவே அமைந்தது. அவர் யோகத்தில் இருந்தபோது, வேட்டைக்கு வந்த மன்னன் பரிவாரத்துடன் வீட்டிற்கு வந்து விசாரித்துச் சென்றான். வில்லேந்திய இருவரும், ஒரு பெண்ணும், ஒரு குரங்கும் வந்ததாகத் திருமகளார் தெரிவித்தார். வந்தவர்கள் இராமபிரானும் இலக்குவனும் சீதாப்பிராட்டியும் அனுமனுமே என்று கொண்ட நாதமுனிகள், அவர்களைத் தேடி விரைந்து சென்று, காணாமல் வழியிலேயே திருநாட்டிற்கு எழுந்தருளினார்.

அவர் அமைத்த பண்களில் பல இன்று வழக்கில் இல்லை. திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற சில திருப்பதிகளில் அரையர் சேவை நடைபெறுகின்றது. ஏனைய சந்நிதிகளில் ஓதும் முறை எளிய சந்தமாக நிற்கிறது. ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணாக்கர் இருமுறை திருப்பிச் சொல்லும் சந்தை முறையால் அது தலைமுறைதோறும் இறங்கி வருகின்றது. கற்பிப்பவரும் கற்பவரும் இருக்கும் வரையில்தான் இச்செல்வம் இருக்கும். ஒரு தலைமுறை வாய் மூடினால், மீண்டும் ஒரு பதிகத்தைக் கேட்டு ஊர் ஊராய்த் தேட வேண்டிய நிலை வரும்.

ஆதலின் திருவிழாவிற்கு வரும் அடியார்கள் கோஷ்டியின் அருகே சற்று நின்று செவிசாய்ப்பார்களாக. தெரிந்த பாசுரம் வந்தால் மெல்லக் குரல் சேர்ப்பார்களாக. தெரியாதவர்கள் ஒரு பதிகத்தையேனும் கற்று, தம் மக்களுக்கும் கற்பிப்பார்களாக. பெருவாழ்வு ஒன்று தொடங்குவதற்கு ஒரு பதிகம் போதும் என்பதற்கு நாதமுனிகளின் வைபவமே சான்று.

ஸ்ரீமந் நாதமுனிகள் திருவடிகளே சரணம்.