ஹாங்காங் கண்ட பெருவணிகர் சேட்டர்

துறைமுகம் என்பது கல்லாலும் மண்ணாலும் மட்டும் எழுவதன்று. அதற்குரிய பெரும்பொருளை யார் தருவது என்னும் வினாவுக்கு விடை கிடைத்த பின்னரே முதற்கல் கடலில் இறங்குகிறது. பிரித்தானியரின் குடியேற்ற நாடாக விளங்கிய ஹாங்காங்கில் அவ்வினாவுக்கு விடை கண்டவர் நம் கல்கத்தா நகரில் பிறந்த ஓர் ஆர்மீனியர். அவரே சர் கச்சிக் பால் சேட்டர்.

1846ஆம் ஆண்டு பிறந்த சேட்டர் இளமையிலேயே பெற்றோரை இழந்தார். கல்கத்தாவின் லா மார்ட்டினியர் பள்ளி உதவித்தொகை தந்து அவருக்குக் கல்வி அளித்தது. 1864இல், பதினெட்டாம் வயதில், தமக்கையின் குடும்பத்தை நம்பி ஹாங்காங் சென்றார். அங்கு ஒரு வங்கியில் எழுத்தராக அமர்ந்தார். சில ஆண்டுகளில் அவ்வங்கி நொடித்துவிடவே, நாணய மாற்றுத் தரகராகித் தனித்தொழில் தொடங்கினார். பார்சி வணிகரான ஹோர்முஸ்ஜி நௌரோஜி மோடி அவருடைய கூட்டாளியானார். வந்தேறிகளான இவ்விருவரும் சேர்ந்து அந்நகரின் வணிக வரலாற்றையே மாற்றினர்.

அக்காலத்தில் பெரிய கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கு முழுவதும் சிறு படகுகளில் ஏற்றிக் கரை சேர்க்கப்படும். செலவும் காலமும் வீணாயின. எதிர்க்கரையான கௌலூனின் ஆழ்கடல் ஓரத்தைச் சேட்டர் கண்டார். 1886இல் அவர் முன்னின்று உருவாக்கிய துறைமேடை, கிடங்கு நிறுவனத்தால் கப்பல்கள் கரையை ஒட்டியே நின்று சரக்கிறக்க வழி பிறந்தது. சரக்கு ஒரு கரையில், வணிகர் அலுவலகம் மறு கரையில் என்ற நிலையில் படகுப் போக்குவரத்து இன்றியமையாததாயிற்று. தொராப்ஜி நௌரோஜி என்னும் பார்சிக்காரர் 1880 முதல் நீராவிப் படகுகளை ஓட்டிவந்தார். 1898இல் அத்தொழில் சேட்டரின் துறைமேடை நிறுவனத்தின் கைக்கு மாறி, ஸ்டார் ஃபெர்ரி என்னும் பெயர் பெற்றது.

எனினும் சேட்டரின் பெருஞ்செயல் கடலைத் தூர்த்து நிலமாக்கியதே. 1850களில் ஆளுநர் பௌரிங் இதே முயற்சியில் இறங்கித் தோற்றிருந்தார். கரையோர மனைகளை உடைய வணிகர், தம் தனித்துறைகள் பறிபோகுமென்று அஞ்சி எதிர்த்ததே காரணம். எதிர்த்தவரையே பங்காளிகளாக்கும் வழியைச் சேட்டர் கண்டார். ஒவ்வொரு மனைக்காரரும் தம் மனைக்கு முன்னுள்ள கடலைத் தூர்க்கும் செலவை ஏற்க வேண்டும். தூர்த்தெடுத்த மனை அவருக்கே உரியதாகும். அரசுக்கோ அகன்ற சாலைகளும் கடற்சுவரும் நிலவரியும் கிடைக்கும். 1889இல் சட்டம் இயன்றது. 1890இல் கன்னாட் கோமகன் அடிக்கல் நாட்டினார். ஏறத்தாழ 60 ஏக்கர் நிலம் பிறந்தது. மக்கள் வரிப்பணத்தை வாரி இறைக்காமலே நகரின் முகம் மாறியது.

இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சட்டம் இயன்ற அதே 1889இல் சேட்டர் நிலம் வாங்கி விற்கும் பெருநிறுவனம் ஒன்றையும் தோற்றுவித்தார். சட்டமன்றத்திலும் அவர் உறுப்பினர். பொதுநலமும் தன்னலமும் ஒரே தோணியில் பயணம் செய்தன. கரையில் மனை உடையவர் மேலும் நிலம் பெற்றனர். கல்லும் மண்ணும் சுமந்த சீனக் கூலித் தொழிலாளருக்கோ கூலியன்றிப் பங்கேதும் இல்லை. அவர்தம் பெயரைத் தாங்கிய தெரு எதுவுமில்லை. சேட்டர் பெயரில் சாலை இருக்கிறது. இக்குறையை மறைத்து அவரைப் புகழ்வது வரலாறாகாது. அவர் இல்லையேல் அப்பணி நெடுங்காலம் தாளிலேயே கிடந்திருக்கும் என்பதை மறுப்பதும் வரலாறாகாது.

1902இல் சர் பட்டம் பெற்ற சேட்டர், ஈட்டியதை வழங்கவும் அறிந்திருந்தார். தம்மை வளர்த்த கல்கத்தாப் பள்ளிக்குப் பெருந்தொகை ஈந்தார். கௌலூனில் தேவாலயம் எழுப்பினார். 1926ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் மறைந்தபோது, தம் பளிங்கு மாளிகையையும் நானூற்றுக்கு மேற்பட்ட ஓவியம் முதலான கலைப்பொருள்களையும் ஹாங்காங்குக்கே விட்டுச்சென்றார். ஜப்பானியர் ஆக்கிரமிப்பின்போது அக்கலைச்செல்வம் சிதறியது. நூறுக்கும் குறைவானவையே மிஞ்சின. மாளிகையும் 1946இல் தீக்கிரையாயிற்று.

அவர் தொடங்கி வைத்த வழியில் கடல் மேலும் மேலும் தூர்க்கப்பட்டது. எஞ்சிய துறைமுகத்தைக் காக்க 1997இல் தனிச்சட்டமே தேவைப்பட்டது. 2006இல் படகுத்துறை ஒன்று கடல் தூர்க்கும் பணிக்காக இடிக்கப்பட்டபோது மக்கள் திரண்டு எதிர்த்தனர். ஒரு தலைமுறைக்குத் தீர்வாயிருந்தது மற்றொரு தலைமுறைக்குச் சிக்கலாவது உலகியற்கை. ஆயினும் இருகரையையும் இணைத்த அப்படகுகள் சேட்டர் மறைந்த பின்னரும் பல தலைமுறை மக்களைச் சுமந்தன. பூட்டி வைத்த செல்வம் அழிந்தது. பலரும் ஏறிச்செல்லும் வழியாக மாறிய செல்வமே நிலைத்தது. பெற்றோரை இழந்து கடல் கடந்த அந்தக் கல்கத்தாச் சிறுவனின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே.