வீடு திரும்புவதே இலட்சியம்

தென்துருவத்தை முதலில் அடைந்தவர் யார் என்று வினாடி வினாவில் கேட்டால், அமுண்ட்சென் என்று உடனே விடையளிப்போம். அடையாமல் திரும்பியவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அப்படித் திரும்பிய ஒருவரைப் பற்றியே நான் எழுதப் புகுந்தேன். அவர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன்.

1874ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்த அவர், பதினாறு வயதிலேயே கப்பல் வேலைக்குச் சென்றார். 1909 ஜனவரி 9ஆம் நாள், துருவத்திற்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவு வரை மூன்று தோழர்களுடன் சென்றுவிட்டார். மேலும் நடந்திருந்தால் துருவம் கிட்டியிருக்கும். ஆனால் திரும்பி வர உணவு இராது. திரும்பினார். நால்வரும் பிழைத்தனர். அவர் வாழ்வின் திறவுகோல் இந்த ஒரு முடிவில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

1914இல் அண்டார்க்டிகாவைக் குறுக்கே கடக்கத் திட்டமிட்டார். 'எண்டூரன்ஸ்' என்ற கப்பலில் அவரையும் சேர்த்து 28 பேர். மாலுமியும் விஞ்ஞானியும் மருத்துவரும் தரையைத் தேய்த்துக் கழுவும் வேலையை முறைவைத்துச் செய்தனர். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில், மண்வெட்டியை யார் எடுப்பது என்ற வழக்கிலேயே அரை நாள் கழிவதைக் கண்ட நமக்கு இதன் அருமை புரியும்!

1915 ஜனவரியில் பனிப்பாறைகள் கப்பலைக் கவ்விக்கொண்டன. பத்து மாதம் பனியோடு மிதந்த கப்பல் நொறுங்கத் தொடங்கவே, அக்டோபர் 27ஆம் நாள் அனைவரும் பனித்தரையில் இறங்கினர். நவம்பர் 21இல் கப்பல் மூழ்கியது. கண்டத்தைக் கடப்பது என்ற நோக்கமும் அதோடு மூழ்கியது. அதற்காக ஷாக்கிள்டன் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. இனி நமது வேலை வீடு திரும்புவது ஒன்றே என்று எல்லோரிடமும் அமைதியாக அறிவித்தார். சமையற்காரருக்கும் கப்பல் தலைவருக்கும் அன்று முதல் நோக்கம் ஒன்றே.

அந்த ஒரே அளவுகோலால் அவர் எல்லாவற்றையும் அளந்தார். சொந்தப் பொருள் ஆளுக்கு இரண்டு பவுண்டு எடைக்கு மேல் கூடாதென்றார்; தம் பொற்காசுகளையே பனியில் எறிந்தார். ஆனால் ஹஸ்ஸி என்பவரின் பாஞ்சோ என்ற நரம்புக் கருவியை மட்டும் எடுத்துவரச் செய்தார். சோர்ந்த மனிதருக்குப் பாட்டும் மருந்தல்லவா? குறை கூறும் இயல்புடையோரைத் தம் கூடாரத்திலேயே தங்க வைத்தார். முணுமுணுப்பு மற்றக் கூடாரங்களுக்குப் பரவாமல் தடுக்க இதைவிட நல்ல வழி ஏது?

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. மக்னிஷ் என்ற தச்சர் தம் பூனையின் மேல் உயிரையே வைத்திருந்தார். கப்பலைக் கைவிட்டபின் அதைச் சுடும்படி ஷாக்கிள்டன் ஆணையிட்டார். டிசம்பரில் படகுகளைப் பனியில் இழுக்கும்போது மக்னிஷ் மறுத்து நின்றார். கப்பல் போனபின் ஒப்பந்தமும் போயிற்று என்று வாதிட்டார். ஒப்பந்தத்தை எல்லோர் முன்னும் படித்துக் காட்டி, அது இன்னும் செல்லும் என்று விளக்கினார் தலைவர்.

1916 ஏப்ரலில் மூன்று படகுகளில் எலிஃபண்ட் தீவை அடைந்தனர். அங்கே எந்தக் கப்பலும் வாராது. ஏப்ரல் 24இல் ஐவரை அழைத்துக்கொண்டு ஒரே படகில் ஷாக்கிள்டன் புறப்பட்டார். அந்த ஐவரில் மக்னிஷும் ஒருவர். படகின் பக்கங்களை உயர்த்தி மேலே மூடியமைத்தவர் அவரே. 16 நாளில் சுமார் 1,300 கிலோமீட்டர் கடந்து தெற்கு ஜார்ஜியாவில் கரையேறினர். பின்பு ஷாக்கிள்டன் இருவருடன் மலைகளை 36 மணி நேரத்தில் கடந்து திமிங்கில வேட்டை நிலையத்தை அடைந்தார்.

தீவில் இருந்த 22 பேரையும் துணைத்தலைவர் வைல்டு காத்தார். தலைவர் இன்றே வரலாம் என்று கூறி, காலைதோறும் படுக்கைகளைச் சுருட்டி வைக்கச் செய்தார். மும்முறை தோல்வியுற்று, நான்காம் முறை சிலி நாட்டுக் கப்பலில் ஆகஸ்டு 30இல் ஷாக்கிள்டன் வந்து சேர்ந்தார். ஒருவரும் இறக்கவில்லை.

இங்கே கதையை முடித்துவிடுவோர் பலர். அது முழு உண்மையன்று. கண்டத்தின் மறுபுறம், ராஸ் கடற்கரையில், அவருக்காக உணவுக் கிடங்குகள் அமைக்க இன்னொரு குழு உழைத்துக்கொண்டிருந்தது. கப்பல் மூழ்கிய செய்தி அவர்களுக்கு எட்ட வழியே இல்லை. வாராத மனிதருக்காக உணவைச் சுமந்து, மூவர் மாண்டனர். 1917 ஜனவரியில் எஞ்சிய எழுவரை மீட்கச் சென்ற கப்பலில் ஷாக்கிள்டனும் இருந்தார்.

1922 ஜனவரி 5இல், மற்றொரு பயணத்தின்போது, தெற்கு ஜார்ஜியாவிலேயே மாரடைப்பால் காலமாகி அங்கேயே அடக்கமானார். வயது 47.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. துருவப் பதக்கத்திற்குத் தோழர்களைப் பரிந்துரைத்தபோது மக்னிஷை அவர் விட்டுவிட்டார். அந்தப் படகு இல்லையேல் 28 உயிர்களும் இல்லை. மக்னிஷ் 1930இல் நியூசிலாந்தில் வறியவராக இறந்தார். 2004இல் அவர் கல்லறையின்மேல் ஒரு பூனையின் வெண்கலச் சிலையை வைத்திருக்கிறார்கள்.