மார்ஷல் ஹால்

பிறர் செய்யும் தவற்றைக் கண்டித்துப் புகழ் பெற்றோர் உலகிற் பலர். தம் தொழிலுக்குத் தாமே வரம்பு கட்ட முன்வந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் மார்ஷல் ஹால் என்னும் ஆங்கில வைத்தியர். அனிச்சைச் செயலின் இயல்பை விளக்கியவர் என உடலியல் நூல்கள் அவரைப் போற்றும். பிராணிகளின்மீது சோதனை செய்வோர்க்கு ஒழுக்க விதிகள் வகுத்தவரும் அவரே என்பதைப் பலர் அறியார். ஆதலின் அதனை ஈண்டுச் சிறப்பாக எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

ஹால், 1790-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 18-ஆம் நாள், இங்கிலாந்திலே நாட்டிங்காம் நகரை அடுத்த பாஸ்போர்டு என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பருத்தி ஆலை நடத்தியவர். வெஸ்லியன் சபையைச் சார்ந்தவர். மைந்தர் எடின்பரோவில் வைத்தியம் பயின்று 1812-இல் பட்டம் பெற்றார். பின்னர்ப் பாரிஸ், பெர்லின் முதலிய நகரங்களுக்குச் சென்று, அங்குள்ள வைத்திய முறைகளையும் கண்டறிந்தார். நாட்டிங்காமிற் சில ஆண்டுகள் தொழில் நடத்தி, 1826-இல் இலண்டன் மாநகரிற் குடியேறினார். எந்நோய்க்கும் இரத்தத்தை வடித்தலே மருந்தென்று கருதிய அக்காலத்தில், அதனால் விளையும் கேட்டை எடுத்துக்காட்டியவர் அவர்.

இரத்த ஓட்டத்தை ஆராய்வதற்குத் தவளை முதலிய பிராணிகள் அவருக்கு வேண்டியிருந்தன. மயக்க மருந்து வழக்கிற்கு வாராத காலம் அது. 1846-ஆம் ஆண்டிற்குப் பின்னரே ஈதர் பரவலாயிற்று. எனவே கத்தியின் கீழ்க் கிடந்த உயிர், வேதனை முழுவதையும் உணர்ந்தே கிடந்தது. இதனை ஹால் நன்கறிவார். 1831-இல் இரத்த ஓட்டத்தைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில் ஐந்து விதிகளை வகுத்தார். கண்ணாற் கண்டே அறியக்கூடியதைச் சோதனையால் அறிய முயலலாகாது என்பது முதல் விதி. தெளிந்த நோக்கமின்றிச் சோதனை செய்யலாகாது என்பது இரண்டாவது. முன்னோர் செய்ததை அறியாது அதனையே வீணாகத் திரும்பச் செய்யலாகாது என்பது மூன்றாவது. துன்பம் இயன்ற மட்டும் குறைந்திருத்தல் வேண்டும். அதன்பொருட்டு உணர்ச்சி குறைந்த பிராணிகளையே தேர்தல் வேண்டும் என்பது நான்காவது. சோதனையின் முடிவு ஐயமறப் புலப்படும் வண்ணம், தக்க சான்றினர் கண்டு உறுதி செய்தல் வேண்டும் என்பது ஐந்தாவது. இவற்றைப் பேணுதற்கு உடலியல் அறிஞரின் சங்கம் ஒன்று அமைதல் நலமென்றும் கருதினார். தம் மனச்சான்று ஒன்றே போதுமென அவர் இறுமாந்திலர். பிறர் கண்ணும் தம் கத்தியின்மேல் இருத்தல் வேண்டுமென விரும்பினார். அவர் பெருமை இதிலேயே விளங்குகின்றதன்றோ?

நெருப்புப் பட்ட கை, நாம் எண்ணுமுன்னரே விலகுகின்றது. தலை துண்டிக்கப்பட்ட பிராணியின் உடலும் ஊசி முனை பட்டவுடன் அசைதலைக் கண்ட ஹால், இத்தகைய செயல்கள் முதுகுத் தண்டினின்று எழுவன என்று 1833-இல் இராயல் சங்கத்தார்க்கு எடுத்துரைத்தார். 1837-இல் அவர் அளித்த இரண்டாவது கட்டுரையை அச்சங்கத்தார் தம் வெளியீட்டில் ஏற்றிலர். விதி வகுத்த அவரையே கொடியவர் எனத் தூற்றினாரும் உளர். அவரோ விதிகளைக் கைவிடாது, 1847-இல் லான்செட் என்னும் பத்திரிகையில், உடலியற் சோதனையை வைத்திய அறத்தைச் சார்ந்த வினாவாகவே வைத்து எழுதினார்.

அமெரிக்க நாட்டிற் சுற்றுப்பிரயாணம் செய்து, ஆங்குக் கண்ட அடிமை முறையைக் கண்டித்து 1854-இல் ஒரு நூல் வெளியிட்டார். நீரில் மூழ்கி மூச்சற்றவரைப் பிழைப்பிக்கும் முறையொன்றை 1856-இல் வகுத்தார். மறு ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11-ஆம் நாள் பிரைட்டன் நகரிற் காலமானார்.

அவர் விரும்பிய மேற்பார்வை அவர் வாழ்நாளில் வந்திலது. பிரான்ஸஸ் பவர் காப் என்னும் மாதரசியார் முதலியோர் எழுப்பிய கிளர்ச்சியின் பயனாக, 1876-இல் ஆங்கிலப் பாராளுமன்றம் சட்டமியற்றிற்று. சோதனை செய்வோர்க்கு அனுமதிச் சீட்டும், மேற்பார்க்க அதிகாரிகளும் ஏற்பட்டன. உடலியற் சங்கமும் அவ்வாண்டிலேயே தோன்றிற்று. நம் இந்தியாவில் 1960-ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய சோதனைகளைக் கண்காணிக்கும் குழு அமைக்க வழி செய்தது. இன்று ஆராய்ச்சி நிலையங்களில் அமைந்துள்ள அறநெறிக் குழுக்கள், சோதனை தொடங்குமுன் கேட்கும் வினாக்கள் யாவை? இச்சோதனை வேண்டுவதுதானா? இதன் நோக்கம் யாது? முன்னரே பிறர் செய்துளரோ? துன்பத்தைக் குறைக்க வழியுண்டோ? ஹால் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட வினாக்களே இவை.

அவர் கையால் மாண்ட உயிர்களின் வேதனையை அவர் விதிகள் துடைத்துவிட்டன என்று நாம் கூறோம். நோயாளியின் நலமும் வாயில்லா உயிரின் துன்பமும் எதிரெதிர் நிற்குமிடத்து, எளிய விடை கிடையாது. ஆயினும், விடை எளிதன்று என்பது பற்றி வினாவையே மறந்துவிடுதல் அறிவுடைமையாகாது. கல்வி கற்கும் நாம் எத்துறையிற் புகினும், நம் செயலைப் பிறர் ஆராயுமாறு முன்வைக்கும் பணிவினை இப்பெரியாரிடம் கற்றல் நலம்.