யாரும் தொடாத புண்களைத் தொட்டவர்

புற்றுநோய் என்ற சொல்லை இன்றும் நம் வீடுகளில் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறோம். பிள்ளைகளுக்கு வரன் அமையாது என்று அஞ்சி நோயை மறைக்கும் குடும்பங்கள் உண்டு. தொற்றிவிடும் என்று எண்ணி நோயாளியின் தட்டையும் டம்ளரையும் தனியே வைப்போரும் உண்டு. உடலுக்கு மருந்து தர மருத்துவமனை இருக்கிறது. உடைந்துபோன மனத்தையும் திணறும் குடும்பத்தையும் தாங்குவது யார்? இதற்குத் தம் வாழ்வாலேயே விடை சொன்னவர் ரோஸ் ஹாதோர்ன். துறவறத்தில் அன்னை மேரி அல்போன்சா என்று அழைக்கப்பட்டவர்.

ரோஸ் 1851ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியர் நத்தானியேல் ஹாதோர்ன் இவருடைய தந்தை. கல்வியும் கலையும் நிறைந்த வீடு. ஆனால் இழப்புகள் அடுத்தடுத்து வந்தன. 1864இல் தந்தை இறந்தார். 1871இல் தாயும் இறந்தார். அதே ஆண்டில் ஜார்ஜ் லாத்ரப் என்ற எழுத்தாளரை மணந்தார். 1876இல் பிறந்த ஒரே மகன் பிரான்சிஸ் 1881இல் தொண்டை அடைப்பான் நோய்க்குப் பலியானான். 1891இல் கணவனும் மனைவியும் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தனர். கணவரின் குடிப்பழக்கமோ தீரவில்லை. 1895இல் திருச்சபையின் அனுமதியுடன் ரோஸ் தனியே வாழத் தொடங்கினார்.

இத்தனை துயரம் சுமந்தவர் அதற்குள்ளேயே முடங்கியிருக்கலாம். ஆனால் பிறர் துயரம் அவரை வெளியே அழைத்தது. அவருடைய தோழியான கவிஞர் எம்மா லாசரஸ் 1887இல் புற்றுநோயால் இறந்தார். லாசரஸ் வசதியான குடும்பத்தவர். அருகிருந்து கவனிக்க ஆட்கள் இருந்தார்கள். பின்னர், அதே நோய் கண்ட ஏழைத் தையற்காரப் பெண் ஒருவர், கையிலிருந்த காசு தீர்ந்ததும் நியூயார்க்கின் பிளாக்வெல் தீவிலிருந்த ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்டதை ரோஸ் கேள்விப்பட்டார். இந்த வேறுபாடு அவர் நெஞ்சைத் தைத்தது. அக்காலத்தில் புற்றுநோய் தொற்றும் என்று பலரும் நம்பினார்கள். குணமாக்க முடியாதவர்களை மருத்துவமனைகள் வைத்துக்கொள்வதில்லை. உறவுகளும் ஒதுங்கின.

1896இல், தம் 45ஆம் வயதில், நியூயார்க் புற்றுநோய் மருத்துவமனையில் ஏறத்தாழ மூன்று மாதம் செவிலியர் பயிற்சி பெற்றார். அதே ஆண்டு, ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த கீழைப் பகுதியில், ஸ்கேமல் தெருவில் சில அறைகளை வாடகைக்கு எடுத்துக் குடியேறினார். வீடு வீடாகச் சென்று புண்களைக் கழுவிக் கட்டினார். போக்கிடம் இல்லாதவர்களைத் தம் அறையிலேயே தங்கவைத்தார்.

இரக்கம் மட்டும் போதாது, அதற்கு ஓர் ஒழுங்கும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். செய்தித்தாள்களுக்கு எழுதி மக்களிடம் உதவி கேட்டார். எழுத்தாளர் மார்க் ட்வைனும் அவருக்கு உதவியவர்களில் ஒருவர். தம் இல்லங்களுக்கு அவர் உறுதியான விதிகளை வகுத்தார். ஏழை நோயாளிகளுக்கே இடம். அவர்களிடமோ அவர்கள் உறவினரிடமோ ஒரு காசும் வாங்கக் கூடாது. எந்த இனத்தார், எந்தச் சமயத்தார் என்று பார்க்கக் கூடாது. நோயாளிகளைப் பரிசோதனைப் பொருளாக்கக் கூடாது. புண் எவ்வளவு கோரமாக இருந்தாலும் பணிபுரிவோர் முகம் சுளிக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைச் சற்று நின்று சிந்திப்போம். நோயாளி தன் நிலையை முதலில் காண்பது எதிரே நிற்பவரின் முகத்தில்தான். அந்த முகம் சுளித்தால் அவர் மனம் அன்றே செத்துவிடும்.

ஓவியரான ஆலிஸ் ஹூபர் 1897இல் அவரைத் தேடி வந்தார். வாரத்தில் ஒரு பிற்பகல் மட்டும் உதவுவதாகத்தான் சொன்னார். தொடக்கத்தில் அங்கு கண்ட காட்சிகள் அவருக்கு அருவருப்பைத் தந்தன. ஆயினும் விட்டுப் போகவில்லை. 1898இல் முழுநேரமாகவே சேர்ந்துகொண்டார். அவ்வாண்டு ரோஸின் கணவர் இறந்தார். 1899இல் செர்ரி தெருவில் சொந்த வீடு ஒன்று கிடைத்தது. 1900ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், அமல அன்னை பெருவிழாவன்று, இருவரும் தொமினிக்கன் துறவற உடை அணிந்தனர். லீமா நகர்ப் புனித ரோசாவின் பெயர் தாங்கிய புதிய துறவற சபை பிறந்தது. 1901இல் நியூயார்க் நகருக்கு வெளியே ரோசரி ஹில் இல்லம் உருவானது.

மரமும் பலகையுமான அந்தப் பழைய இல்லத்துக்குப் பதிலாக, தீப்பிடிக்காத கட்டடம் எழுப்ப அன்னை தம் இறுதி நாள்வரை நிதி திரட்டினார். 1926ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், தம் 75ஆம் வயதில், உறக்கத்திலேயே இறைவனடி சேர்ந்தார். ஆலிஸ் ஹூபர், அன்னை மேரி ரோஸ் என்ற பெயரில், பணியைத் தொடர்ந்தார். 2003இல் புனிதர் பட்ட நடவடிக்கை தொடங்கியது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

நம் எல்லோராலும் இல்லம் கட்ட முடியாது. ஆனால் நம் அன்பியத்தில் எந்த வீட்டில் புற்றுநோயாளி இருக்கிறார் என்று அறிந்துவைக்க முடியும். சிகிச்சைக்குச் செல்லும் நாளில் துணைக்கு ஒருவர், அன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், இரவெல்லாம் கண்விழித்த மனைவி சற்று உறங்கும்படி படுக்கையருகே அமர ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ள முடியும். என்ன பாவம் செய்தாரோ என்ற பேச்சை நம் வாயிலிருந்து அகற்ற முடியும். தொழுநோயாளரைத் தொட்ட இயேசுவின் கைகள் இன்று நம் கைகளாகட்டும். இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில், நாம் தட்ட வேண்டிய கதவு எது?